இடது தோளில் திரும்பி நின்ற கொம்பு

சட்டையை மேசையில் விரித்ததும் பூனிக்கா செய்த முதல் காரியம், உள்பக்கம் வெளியே வரும்படி அதைப் புரட்டிப் போட்டதுதான். முன்பக்கத்துப் பூவேலையை ஏறிட்டும் பார்க்கவில்லை. தோள்பட்டையின் உள்புறத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "முகத்தை ஊருக்காகத் தைக்கிறது, மம. முதுகைப் பார்த்தால்தான் தைத்தவளின் கை தெரியும்" என்றார்.

பூனிக்கா என்றால் ரொமானிய மொழியில் பாட்டி. ருமேனியாவின் யாஷ் நகரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மகளோடு இருக்கிறார். பிறந்ததும் வாழ்ந்ததும் சுச்சாவா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில். கணவர் போன பிறகு நகரத்துக்கு வந்தவர். இங்கே பாட்டிமார் பேத்தி வயதுப் பெண்களை "மம", அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள். "ஏம்மா, சாப்பிட்டியா" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கிற அதே வழக்கம். முதல்முறை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சட்டையை ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தையில் வாங்கினேன். 250 லெய். விற்றவர் அதை "இயே" என்றார். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வரைந்த சட்டை இதுதான் என்றார். நூறு வருஷம் பழசு என்றும் சொன்னார். மத்தீஸ் 1940இல் முடித்த 'ரொமானியச் சட்டை' ஓவியம் பாரிஸின் பொம்பிதூ மையத்துச் சேகரிப்பில் இருக்கிறது. அவருடைய ரொமானிய நண்பரான ஓவியர் தியோடோர் பல்லாடி வழியாகத்தான் இந்தச் சட்டைகள் அவர் கைக்குப் போயின. அந்த ஓவியம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் தோள் வேலை நாலைந்து வளைந்த கோடுகளாகக் கரைந்துவிடுகிறது. தைக்க உட்காருகிறவளுக்கு அது உதவாது. தைப்பவளுக்கு வேண்டியது இழைக் கணக்கு.

"இயே" என்ற சொல்லைப் பூனிக்கா ஏற்றுக்கொள்ளவில்லை. அது தெற்கத்திப் பேச்சு, நகரத்துப் பேச்சு என்றார். அவர் ஊரில் இது வெறும் "கமெஷெ", சட்டை. 'லினெயா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து, அதாவது நாரிழை ஆடை என்ற பொருளில், வந்ததுதான் 'இயே'. 2022இல் ருமேனியாவும் மால்டோவாவும் சேர்ந்து யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இந்தக் கலையைச் சேர்த்தபோது கொடுத்த பெயரிலும் தோள் வேலைதான் முன்னால் நின்றது: அல்தித்ஸா வைத்த சட்டை. அல்தித்ஸா என்பது தோளின் மேல் செங்கல் அடுக்கியது போல நெருக்கமாக உட்காரும் பூவேலை. என் சட்டையில் கெட்டுப்போயிருந்ததும் அதுதான்.

கெட்டவை எவை என்று முதல் வாரம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். வலது கையும் முன்துண்டும் சேரும் இடத்தில் 11 சென்டிமீட்டர் பிரிந்திருந்தது. கழுத்தைச் சுருக்கிப் பிடிக்கும் கயிறு அறுந்திருந்தது. வலது மணிக்கட்டுப் பட்டி நைந்து நூலாகத் தொங்கியது. இடது தோளில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பூவேலையே இல்லை. துணி இருந்தது, பூ மட்டும் போயிருந்தது. காரணம் எளிது. சட்டைத் துணி பருத்தி, பூவேலை கம்பளி நூல். அந்துப்பூச்சிக்குக் கம்பளிதான் தீனி, பருத்தியை அது சீண்டாது. அதனால் பூவை மட்டும் தின்றுவிட்டுத் துணியை எனக்கு மிச்சம் வைத்திருந்தது.

சட்டையின் வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டு என்று சொல்வதே தவறு, இதில் வளைவாக வெட்டிய இடம் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுத் தறியின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு துண்டு. என் சட்டையில் 44 சென்டிமீட்டர். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, கைக்கு ஒவ்வொன்று. நான்கும் கழுத்துவரை ஏறிப்போய் அங்கே சேர்ந்து சுருக்கப்படுகின்றன. அக்குளில் ஒரு சின்னச் சதுரம். அதற்கு 'ப்ரொஸ்குத்ஸா', குட்டித் தவளை என்று பெயர். கையைத் தூக்கும்போது அது விரிவதைப் பார்த்தால் பெயர் சரியென்று தோன்றும். இடுப்புக்குக் கீழே துணி மாறுகிறது: மேலே மெல்லிய பருத்தி, கீழே முரட்டு ஹெம்ப் நார்த்துணி. கீழ்ப்பகுதி பாவாடைக்குள் மறைந்துவிடும் என்பதால் நல்ல துணியை அங்கே யாரும் செலவு செய்யவில்லை. துணியில் ஒரு துணுக்குகூட வீணாகவில்லை.

பிப்ரவரி முழுக்கக் கழுவுவதிலேயே போனது. ஒவ்வொரு நிற நூலிலும் ஈரப் பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திவைத்து, நிறம் பஞ்சில் ஏறுகிறதா என்று பார்த்தேன். கருஞ்சிவப்பு ஒட்டவில்லை. பச்சையும் ஒட்டவில்லை. கறுப்பு மட்டும் பழுப்பாகக் கொஞ்சம் இறங்கியது; விரல் பட்டால் தூளாகவும் உதிர்ந்தது. பட்டையின் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துப் போட்ட பழைய கறுப்புக்கு இதுதான் கதி. இரும்பு உள்ளிருந்தே நாரை அரித்துவிடும். பழைய துணிகளில் முதலில் காணாமல் போவது கறுப்புக் கோடுகள்தான். பூவுக்கு வரம்பு கட்டியதே அந்தக் கோடுகள் என்பதால், அவை போனதும் பூக்கள் ஒன்றோடொன்று கலந்து நின்றன.

நைலான் வலை ஒன்றின் மேல் சட்டையைப் படுக்கவைத்து, வெதுவெதுப்புக்கும் கீழான தண்ணீரில், காரமில்லாத சோப்பு சில துளி விட்டு ஊறவைத்தேன். பிழியவில்லை, கசக்கவில்லை. முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. நான்காவது தண்ணீர் தெளிந்தது. வலையோடு தூக்கித் துண்டில் உருட்டி, நிழலில் படுக்கையாகவே உலர்த்தினேன். கொடியில் போட்டால் ஈரக் கம்பளியின் பாரமே பழைய துணியைக் கிழித்துவிடும்.

உலர்ந்த பிறகு முதலில் கையில் எடுத்தது பிரிந்த இணைப்பை. நம் தையற்காரர்கள் போல இரண்டு துண்டை மேலே மேலே வைத்து மெஷின் ஓட்டுவது இங்கே கிடையாது. ஒவ்வொரு துண்டின் விளிம்பும் தனியாக மடித்துத் தைக்கப்பட்டு, இரண்டும் அருகருகே வந்து நிற்கும். நடுவே நூல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய்வந்து ஒரு பின்னலாகப் பிடிக்கும். அதற்குக் 'கெயித்ஸா', குட்டிச் சாவி என்று பெயர். பூனிக்கா ஒரு பழைய தலையணை உறையை நடுவே வெட்டி, பழகு என்று கொடுத்தார். மூன்று மாலை அதில் பழகினேன். பள்ளியில் தையல் வகுப்பில் கற்ற சங்கிலித் தையல் எனக்கு இன்னும் கையில் இருந்தது, ஆனால் இது வேறு. நூலை இழுத்தால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், தளர்த்தினால் பல்லைக் காட்டும்.

"சாவி என்று ஏன் பெயர்?" என்று கேட்டேன்.

"திறந்திருக்கிற இடத்தைப் பூட்டுவதற்கு வேறென்ன பெயர் வைப்பாய்?"

இந்தப் பதிலோடுதான் சட்டையை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன், இந்தப் பூவேலையின் பொருள் என்ன என்று தேடினால் கிடைக்கிற பட்டியல்களைத்தான் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்: சாய்சதுரம் என்றால் வயல், சுருள் என்றால் காலம், சக்கரம் என்றால் சூரியன், தேவதாரு என்றால் உயிர்மரம். படிக்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சட்டை முன் உட்கார்ந்தால் ஒன்றுமே திறப்பதில்லை. வலது தோளின் மூன்றாவது வரிசையில் இருக்கும் இரட்டைச் சுருளைப் பூனிக்கா 'ஆட்டுக்கிடாக் கொம்பு' என்றார். மாதா கோயிலில் அவருக்குப் பழக்கமான, வேறு மாவட்டத்துப் பெண்மணி ஒருவரிடம் படத்தைக் காட்டியபோது அவர் தயங்காமல் 'நத்தை' என்றார். வேறொருவர் 'இடையன் கொக்கி' என்றார். மூவரும் சரி. ஒரே உருவத்துக்கு அவரவர் ஊரில் எதைப் பார்த்து வளர்ந்தார்களோ அந்தப் பெயர். அப்படியிருக்க, இந்த உருவத்தின் பொருள் இதுதான் என்று அகராதி போட்டால் அது யாருடைய அகராதி?

உருவத்தின் பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது. அது உட்காரும் இடம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. சட்டையில் பூவேலை எங்கெல்லாம் நெருக்கமாக இருக்கிறது என்று பென்சிலால் குறித்துப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி, மணிக்கட்டைச் சுற்றி, நெஞ்சுப் பிளவின் இரு கரையிலும், துண்டுகள் சேரும் இணைப்புகளில். துணி எங்கே முடிந்து உடம்பு எங்கே தொடங்குகிறதோ அங்கெல்லாம். கண்ணேறு பற்றிய பயம் இங்கே நம்மிடம் இருப்பதற்குக் குறைவில்லை. 'தெயோகி' என்பார்கள், கைக்குழந்தையின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டுவார்கள். அதே சிவப்பு நூலைத்தான் பெரியவர்களின் மணிக்கட்டுப் பட்டியில் பூவாகத் தைக்கிறார்கள் என்று பூனிக்கா சொன்னபோது, அவருக்கு அதில் விளக்க வேண்டியது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

தோள் மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது வாசல் இல்லை. அங்கே ஏன் இத்தனை வேலை? இதைக் கேட்டபோது அவர் தன் தோளைத் தட்டிக் காட்டினார். "தண்ணீர் தூக்கியது இது. குழந்தை தூங்கியது இது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பார்த்ததும் இதைத்தான்." பொதுவாக அல்தித்ஸாவில் வைக்கும் உருவத்தைச் சட்டையின் வேறெந்த இடத்திலும் திரும்ப வைப்பதில்லை. தோளுக்கென்று செய்தது தோளிலேயே நிற்கிறது.

அல்தித்ஸாவுக்குக் கீழே ஒரே நிறத்தில் ஒரு பட்டை வருகிறது, இன்க்ரெத்ஸ். என் சட்டையில் அது தேன்மெழுகு மஞ்சள். அதற்கும் கீழே கை நெடுக இறங்கும் மூன்று சாய்ந்த கோடுகள், 'ரிவூரி', அதாவது ஆறுகள். மேலே வானம், நடுவே விளைந்த வயல், கீழே ஓடும் தண்ணீர் என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. அழகான விளக்கம்தான். ஆனால் எனக்கு இன்க்ரெத்ஸின் இன்னொரு கதை இன்னும் பிடித்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குச் சுருக்கு என்று பொருள். பழைய சட்டைகளில் தோள் துண்டு குறுகலாகவும் கைத்துண்டு அகலமாகவும் இருந்ததால், கையைச் சுருக்கித்தான் தோளோடு சேர்க்க முடியும். அந்தச் சுருக்கைப் பிடித்துவைத்த தையல்தான் இன்க்ரெத்ஸ். பின்னாளில் தோளும் கையும் ஒரே துண்டாகி, சுருக்கத் தேவையே இல்லாமல் போனது. தையல் மட்டும் போகவில்லை. சுருங்கிய துணியின் மேடு பள்ளத்தை நினைவுபடுத்தும் சாய்சதுரங்களாக அதே இடத்தில், ஒரே நிறத்தில் நின்றுவிட்டது. என் சட்டையிலும் அங்கே சுருக்கு இல்லை. மஞ்சள் நூலில் சுருக்கின் ஞாபகம் மட்டும் இருக்கிறது.

மார்ச் மாதம் தோளுக்கு வந்தேன். திட்டம் எளிதாகத்தான் இருந்தது: வலது தோள் முழுசாக இருக்கிறது, அதை எண்ணிக் கட்டத்தாளில் வரைந்துகொண்டு இடது தோளில் நிரப்பிவிடலாம். சென்டிமீட்டருக்கு 16 இழை. ஒரு தையல் இரண்டு இழை தாண்டுகிறது. மூன்றாவது வரிசையில் ஐந்து ஜோடிக் கொம்பு, ஒவ்வொன்றும் 24 இழை அகலம். இரண்டு வாரம் எண்ணினேன். பூதக்கண்ணாடியும் மேசை விளக்கும் இல்லாமல் இதைச் செய்ய நினைக்காதீர்கள், கண் போய்விடும்.

தைக்கத் தொடங்கும் முன், துணி தாங்குமா என்று பார்ப்பதற்காக இடது தோளுக்கு அடியில் கைபேசியின் டார்ச்சை ஏற்றி வைத்தேன். அப்போதுதான் அது தெரிந்தது. தின்னப்பட்ட ஒவ்வொரு தையலின் ஊசித் துளையும் துணியில் அப்படியே இருந்தது. நூல் நிரந்தரமாக விலக்கிவைத்த இழைகள் திரும்பச் சேரவே இல்லை. வெளிச்சத்தில் சல்லடை போலப் புள்ளிகள் மின்னின. பூ நின்ற இடம் மட்டும் சுற்றிலும் இருந்த துணியைவிட வெண்மையாக இருந்தது. கம்பளி மூடியிருந்ததால் வெயிலும் அழுக்கும் அங்கே ஏறவில்லை. போன பூவின் நிழல் வெள்ளையாக விழுந்திருந்தது.

வரைந்துவைத்த தாளோடு ஒப்பிட்டேன். முதல் கொம்பு பொருந்தியது. இரண்டாவது, மூன்றாவது பொருந்தின. நான்காவது பொருந்தவில்லை. மறுபடி எண்ணினேன். விளக்கை மாற்றி வைத்து எண்ணினேன். சந்தேகமே இல்லை: இடது தோளில் நான்காவது ஜோடியின் ஒரு கொம்பு வெளியே சுருளாமல் உள்ளே திரும்பியிருந்தது.

அன்று இரவே கீழே ஓடினேன். பூனிக்கா டார்ச்சைத் தானே வாங்கிப் பிடித்து, துளைகளின் மேல் மெதுவாக நகத்தை நகர்த்தினார். பிறகு, "நீ வலதைப் பார்த்து இதைத் தைத்தால் இவளைக் கேட்காமல் இவள் வீட்டுச் சாமானை மாற்றிவைத்த மாதிரி" என்றார். அவர் ஊரில் ஒரு சொல் உண்டாம்: முழுசாக முடிந்த வேலை கடவுளுடையது மட்டும்தான், அதனால் சட்டையில் எங்காவது ஒரு தையலை வேறாக விடவேண்டும். அந்தப் பெண் வேண்டுமென்றே திருப்பினாளா, குளிர்கால இரவில் எண்ணெய் விளக்கடியில் ஒரு இழை தப்பினாளா, எனக்கு இரண்டும் ஒன்றுதான். அது அவள் கை. கட்டத்தாளில் நான்காவது கொம்பை அழித்து, துளைகள் சொன்னபடி வரைந்தேன்.

ஏப்ரல் நெடுக மாலை ஏழு மணிக்கு மேல் அவர் வீட்டில் உட்கார்ந்து தைத்தேன். கிராமத்தில் குளிர்கால இரவுகளில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி நூற்பதும் தைப்பதும் பாடுவதுமாக இருப்பார்கள். அதற்கு 'ஷெஸெத்தோவாரே' என்று பெயர். எங்களுடையது இரண்டு பேர் ஷெஸெத்தோவாரே. தேய்ந்த துணிக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு துண்டு தாங்கலாக வைத்துப் பிடித்துக்கொண்டேன். கூர் மழுங்கிய 26ஆம் நம்பர் ஊசி. கூர் ஊசி வைத்தால் இழையைக் குத்திப் பிளந்துவிடும். மழுங்கிய ஊசி பழைய துளையைத் தானே தேடி இறங்கும். அப்படி இறங்கும்போது கைக்கு ஒரு உணர்வு வரும்: யாரோ முன்பே நடந்த பாதையில் கால் பதிவது போல.

வெள்ளிக்கிழமை மட்டும் ஊசியைத் தொட அவர் விடவில்லை. வெள்ளி என்ற கிழமையே இங்கே ஒரு புனிதவதி, ஸ்ஃபின்தா வினெரி. அன்று தைத்தால் அவள் மேல் குத்துவது போல என்பது வழக்கு. பெரிய வியாழனுக்குள் சணல் நூற்று முடிக்காத சோம்பேறிப் பெண்களைத் தேடி ஜொய்மெரித்ஸா என்கிற பேய்க்கிழவி வருவாளாம். ஈஸ்டருக்கு எல்லோரும் புதுச் சட்டை உடுத்த வேண்டும் என்கிற ஊரில் அந்தக் கெடு வெறும் பயமுறுத்தல் அல்ல.

அந்த மாலைகளில் ஒன்றில்தான் 'கொள்ளைநோய்ச் சட்டை' பற்றிச் சொன்னார். ப்ளேக் வரும் என்ற பயம் எழுந்தால் ஊர்ப் பெண்கள் ஒரே இரவுக்குள் நூற்று, நெய்து, தைத்து ஒரு சட்டையை முடித்துவிடுவார்கள். விடிவதற்குள் முடித்து ஊர் எல்லையில் மாட்டிவிடுவார்கள், நோய் அதை எடுத்துக்கொண்டு போய்விடட்டும் என்று. அவர் கண்டதில்லை, அவருடைய பாட்டி சொல்லிக் கேட்டது. இதைக் கேட்ட பிறகு, மணிக்கட்டுப் பட்டியில் நிற்கும் வரிசைப் பற்களுக்கு 'ஓநாய்ப் பல்' என்று ஏன் பெயர் வந்தது என்று தனியாகக் கேட்கத் தோன்றவில்லை.

நிறத்தைப் பற்றியும் அப்போதுதான் விவரமாகப் பேசினார். பெண்பிள்ளைக்குச் சிவப்பு. கல்யாணமாகி வயது ஏற ஏறச் சிவப்பு கருஞ்சிவப்பாகும், பிறகு பழுப்பு, பச்சை, கடைசியில் கறுப்பு. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. சிபியூ பக்கத்து மலையடிவாரக் கிராமங்களில் இளம்பெண்களே வெள்ளையில் கறுப்பு உடுத்துவார்கள், அங்கே அதுதான் அழகு. வ்ரான்ச்சா மலைப்பக்கம் கைத்துண்டையே திருகித் தைப்பார்கள்; அங்கே கோடு கையைச் சுற்றிக்கொண்டு போகும். ஆனால் அவர் ஊரில் சட்டையைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம். பெண்ணுக்கான சீதனப் பெட்டியில் அவள் தானே தைத்த சட்டைகள் இருக்கவேண்டும். மாப்பிள்ளையின் கல்யாணச் சட்டையையும் அவளே தைக்கவேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். வெள்ளைத் துணிக்குள் ஒரு சட்டை. தோளில் கறுப்பும் கரும்பச்சையும் மட்டும். மணி இல்லை, மின்னுகிற 'வண்ணத்துப்பூச்சி'த் தகடுகள் இல்லை. ஒருமுறைகூட உடுத்தாதது.

"இது எனக்குக் கடைசியாகப் போடுவதற்கு. நாற்பத்தெட்டு வயதில் தைத்தேன். அப்போது கண் நன்றாக இருந்தது."

அதன் உள்பக்கத்தையும் புரட்டிக் காட்டினார். முன்பக்கம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு சுத்தம்.

மே மாதம் ஒரு தவறு செய்தேன். இதைப் படித்து யாராவது பழைய துணியில் கை வைப்பதாக இருந்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நூல்களையெல்லாம் பஞ்சு வைத்துச் சோதித்தவள், புதிதாக வாங்கிய கருஞ்சிவப்புக் கம்பளி நூலைச் சோதிக்கவில்லை. கடை நூல்தானே, நிறம் நிற்கும் என்று நம்பினேன். மூன்றாவது வரிசையை முடித்துவிட்டு, சுருக்கம் போக ஈரத் துணியை மேலே அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் நூலிலிருந்து நிறம் கசிந்து கீழே மஞ்சள் இன்க்ரெத்ஸில் ரோஜா நிறத்தில் படர்ந்துகொண்டிருந்தது. என் மூச்சு நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அந்துப்பூச்சியும் சந்தைக் குவியலும் கெடுக்காததை ஐந்து நிமிடத்தில் நான் கெடுத்திருந்தேன்.

செய்தது இதுதான். முதலில், காயவிடவில்லை, காய்ந்தால் சாயம் பிடித்துக்கொள்ளும். வெந்நீர் பக்கமே போகவில்லை. குளிர்ந்த தண்ணீரை மேலிருந்து கீழாக, மஞ்சளிலிருந்து விலகி ஓடும்படி ஊற்றிக்கொண்டே, அடியில் வெள்ளைப் பருத்தித் துணியை மாற்றி மாற்றி வைத்து நிறத்தை உறிஞ்ச விட்டேன். மூன்று மணி நேரம். ஈரத்தோடு ஈரமாக என் 140 தையலையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். இழுத்து உருவக் கூடாது, உள்பக்கத்திலிருந்து வெட்டி இரண்டு பக்கமும் எடுக்கவேண்டும். நிறம் ஏறக்குறைய முழுசாகப் போனது. இரண்டு சாய்சதுரங்களில் மட்டும் உற்றுப் பார்த்தால் ஒரு வெளிறிய ரோஜாச் சாயல் இன்னும் இருக்கிறது. அதை எடுக்க மேலும் எதுவும் செய்யவில்லை. எந்த ரசாயனம் அதை எடுக்குமோ அது பழைய மஞ்சளையும் எடுத்துக்கொண்டு போகும்.

ஒரு வாரம் சட்டையைத் தொடவே மனம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை யாஷின் கலாச்சார அரண்மனைக்குள் இருக்கும் மால்டாவிய இனவரைவியல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சட்டைகள் முன் நெடுநேரம் நின்றேன். அதற்கு முன் அங்கே போனபோதெல்லாம் அழகு மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது வரிசை எங்கே தொடங்கியிருக்கிறது, நூல் எங்கே தீர்ந்து அடுத்த சாயத்தொட்டி நூல் வந்திருக்கிறது என்று கண் தானாகத் தேடியது. ஒரு சட்டையில் பாதி வரிசைக்குமேல் சிவப்பு ஒரு சாயல் மாறியிருந்தது. அவளுக்கும் நூல் போதவில்லை. திரும்பி வந்ததும் ஊசியை எடுத்துவிட்டேன்.

இரண்டாம் முறை புது நூலை மூன்று தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு இரவு வைத்து, கறை இல்லை என்று உறுதியான பிறகே தைத்தேன். பழைய சிவப்போடு முற்றிலும் பொருந்தும் நூல் இருந்தும் ஒரு சாயல் வெளிறியதை வேண்டுமென்றே எடுத்தேன். பத்தடி தள்ளிப் பார்த்தால் ஒன்றாகத் தெரியும். கையில் எடுத்தால் எது அவளுடையது, எது என்னுடையது என்று தெரியவேண்டும். நாளை இதைச் சரிசெய்ய உட்காருகிறவளை நான் ஏமாற்றக் கூடாது. கறுப்பு வரம்பை மட்டும் இரும்புச் சாயம் இல்லாத நூலில் தைத்தேன். எஞ்சியிருந்த பழைய கறுப்புத் தூளைப் பிரிக்காமல் பக்கத்திலேயே விட்டேன். நான்காவது கொம்புக்கு வந்தபோது ஊசி உள்பக்கமாகத் திரும்பியது. அந்த வளைவைத் தைக்கும்போது இருவரும் பேசவில்லை.

கழுத்துக் கயிற்றைப் பூனிக்காவே திரித்துக் கொடுத்தார். நாலு இழை வெள்ளைப் பருத்தி, ஒரு இழை சிவப்பு. சிவப்பு எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஜூன் 24, ஸின்ஸியெனெ நாள். வயலோரம் மஞ்சளாகப் பூக்கும் ஸின்ஸியெனெப் பூவைப் பறித்து வளையம் கட்டி வீட்டுக் கூரையில் எறியும் நாள். 2013இலிருந்து இதே நாளை இந்தச் சட்டைக்கான நாளாகவும் உலகெங்கும் கொண்டாடுகிறார்கள். நகரமே வெள்ளைச் சட்டையாக இருந்தது. காலையில் என்னுடையதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவர் சமையலறையில் இருந்தார். மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டிருந்தார், தேடவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை வாங்கி, வழக்கம்போல உள்பக்கமாகப் புரட்டினார். இடது தோளை விரல்களுக்கு நடுவே வைத்து, கட்டைவிரலை மூன்றாவது வரிசையில் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி அதே இடத்தில் நின்றது.

"இங்கேதான் நீ ஆரம்பித்தாய்" என்றார்.

சரியாக அந்த இடம்தான். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் மேலும் நகர்ந்து நான்காவது கொம்பைச் சுற்றி வந்து வரிசையின் கடைசிக்குப் போனது. சட்டையைத் திருப்பி முகப்பக்கமாக்கி, என் தலைவழியே தானே போட்டுவிட்டு, கயிற்றை முடிந்தார்.

வலது மணிக்கட்டுப் பட்டி இன்னும் பாக்கி. அதற்கான துணியைப் பாட்டியின் ஊரில் ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சுருளிலிருந்து, ஆகஸ்டில் போகும்போது வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்லி, என் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அனுப்பப்போகிறேன்.